பதில்: மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால், யாரிடம் செய்வது?

தக்கலையில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே ரூட் கேனால் செய்து தருகிறேன் என்கிறார், மச்சான் நாகர்கோவில் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பல் என்றால் பழகிய டாக்டரே போதும் என்பேன். அதில் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். (வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய் அது. அதைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கேனால்.) உங்களுக்கு வலிப்பதோ மேல் கடைவாயின் முதல் பெரிய பல். மூன்று வேர், கன்னப்பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பல பேருக்கு இரண்டு கால்வாய் ஓடும். அந்த இரண்டாவது மிகவும் மெல்லியது, எளிதில் கண்ணில் படாது. அதை விட்டுவிட்டால் கிருமி உள்ளேயே தங்கி, பிறகு திரும்பவும் வலி, வீக்கம்.

அதனால் உங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: அந்த மெல்லிய நாலாவது கால்வாயைத் தேடுவீர்களா, ரப்பர் டேம் போடுவீர்களா? (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு அது. எச்சில் உள்ளே இறங்காது.) நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்து "வேர் வளைஞ்சிருக்கே" என்று இழுத்தால் ஸ்பெஷலிஸ்ட்தான். ஏற்கெனவே ரூட் கேனால் செய்த பல் என்றாலும் அப்படியே.

போர்டில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) என்று மட்டும் பார்த்துப் போய்விடாதீர்கள். பல்லுக்குக் கம்பி கட்டுபவரும் எம்.டி.எஸ்.தான். ரூட் கேனாலுக்கான பிரிவான எண்டோடான்டிக்ஸ் என்று இருக்க வேண்டும். செலவுதான் தடை என்றால் குலசேகரம் பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம்.

அப்புறம், யார் செய்தாலும் மேலே கேப் (பல்லை மூடும் உறை) போடாமல் விடாதீர்கள், கடிக்கும்போது பல் பிளந்துவிடலாம். இதற்கிடையே முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், பக்கத்து டாக்டரிடம் அன்றைக்கே போங்கள்.