டி.பி. மாத்திரையோடு கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. நுரையீரலில் டி.பி. என்று மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். தினமும் கீழாநெல்லிச் சாறும் மஞ்சள் கேப்சூலும் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. 'ஆன்டிஆக்ஸிடன்ட், கல்லீரலைக் காக்கும்' என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?
- வாசகி, கொடுங்கையூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். முதல் இரண்டு மாதம் கொடுக்கிற நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கிற அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எலிகளிடமிருந்து. எலிக்கு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற விஷத்தைக் கொடுப்பார்கள், கல்லீரல் அதை உடைக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் என்ற, செல்லைச் சேதப்படுத்தும் துகள்கள் உண்டாகி செல்லின் மேல்சவ்வில் இருக்கும் கொழுப்பைச் சிதைக்கும், மூலிகைச் சாறு கொடுத்த எலிக்கு அந்தச் சேதம் குறைவாக இருக்கும். இதில் பொய் இல்லை. ஆனால் பல சோதனைகளில் சாற்றை விஷத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதுவும் ஒரே ஒரு விஷம், ஒரே அளவு. உங்கள் கணவர் மாதக்கணக்கில் சாப்பிடப்போகிற மருந்துகள் கல்லீரலைக் கெடுக்கிற வழியே வேறு.

இந்த ஃப்ரீ ராடிக்கலை அடக்குகிற ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற அசிட்டைல்சிஸ்டைன், கல்லீரலில் தீர்ந்துபோன குளுட்டாதயோன் என்ற இயற்கையான காப்புப் பொருளை நிரப்பித்தான் உயிரைக் காப்பாற்றுகிறது, முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அது மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட மருந்து.

கீழாநெல்லி நம் ஊர் மருந்து, எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. 1988-ல் சென்னையில் நடந்த ஒரு ஆய்வில் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கொடுத்தார்கள், 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதோடு, அது வைரஸுக்காகச் செய்த ஆய்வு, டி.பி. மாத்திரைக்காக அல்ல.

மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள், அதில் பயமில்லை. கேப்சூல் வேறு விஷயம். உடலில் நன்றாகச் சேரட்டும் என்று பலவற்றில் மிளகின் பைப்பரினையும் கலக்கிறார்கள், இப்படிப்பட்டவற்றைச் சாப்பிட்டே கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மும்பையில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கும் அப்படி ஆனது 2021-ல் பதிவாகியிருக்கிறது.

என் பெரிய கவலை இதுதான்: நாளை அவருக்கு எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறினால் காரணம் மாத்திரையா, சாறா, கேப்சூலா என்று யாருக்கும் தெரியாது. தேவையில்லாமல் டி.பி. மருந்தை நிறுத்த வேண்டிவரும், நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம்.

சரி, என்ன செய்யலாம்? ஆரம்பத்தில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் சிகிச்சை முடியும்வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. காய்ச்சல், உடம்புவலி என்று இஷ்டத்துக்கு பாராசிட்டமாலும் வேண்டாம். அப்புறம், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பதற வேண்டாம், அது ரிஃபாம்பிசின் தருகிற நிறம். ஆனால் சோறு பிடிக்காமல் போவது, ஓயாத குமட்டல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, கண் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் கறுத்த டீ போலப் போவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இது எதுவும் இல்லாதபோது ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாது.

அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதற்காக எந்த டாக்டரும் உங்களைத் திட்டக்கூடாது.