நானே எடுத்த கத்தரி விதை முளைக்கவில்லை, மண் சரியில்லையா?

மண்ணைத் திட்டாதீர்கள். கறிக்குப் பறித்த காயில், அதுவும் பளபளவென்று இருப்பதாகப் பார்த்து விதை எடுத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் வரிக்கத்தரி கடைசியாக நான்கு செடி மிச்சம். விதை அற்றுப்போய்விடுமே என்ற அவசரத்தில் பழுக்காத காயை அறுத்து, விதையைக் கழுவி, ஈரம் போனதும் போகாததுமாகப் பாலிதீன் கவரில் கட்டி அடுப்படிப் பரணில் வைத்துவிட்டேன். ஆடிப்பட்டத்துக்கு எடுத்தால் கவருக்குள் வேர்த்திருந்தது, புளிச்ச வாடை வேறு. ஒரு பிடி விதையில் முளைத்தது ஏழு.

அப்பத்தா நாற்றங்காலைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, கறிக்கு ஆகற காயிலயா வெதை எடுத்த?" என்றார். அவ்வளவுதான். கத்தரி ஊதா போய் மஞ்சளாகி, தோல் மங்கினால்தான் விதை முற்றியிருக்கும். இளங்காய் விதை வெள்ளையாகத் தட்டையாக இருக்கும், நகத்தால் நசுக்கினால் தண்ணீர்தான் வரும்.

அந்த ஏழு செடியில் மஞ்சளான பழங்களைப் பறித்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நிழலில் ஒரு வாரம் போட்டோம். பழம் மெத்தென்று ஆனதும் பிசைந்து தண்ணீரில் அலசி, மிதந்த விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் நிழலிலும் பிறகு காலை வெயிலிலும் காயவைத்தோம். உச்சி வெயில் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் வைக்க ஈரம் 6 சதம்தான் இருக்கலாம், துணிப்பையில் வைத்தால் 8 சதம் என்பது கணக்கு. நம்மிடம் ஏது மீட்டர், கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். அந்த விதை கிட்டத்தட்ட எல்லாமே முளைத்தது.

ஹைப்ரிட் காயில் எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும், நான் சொல்வது நாட்டு ரகத்துக்கு. தக்காளிக்கு இப்படிக் காய் முற்றக் காத்திருக்கும் தொல்லை இல்லை, நாம் தின்கிற பழத்திலேயே விதை முற்றியிருக்கும்.

செடியிலேயே முழுசாகப் பழுக்க விடலாமே என்றால், மயில் விடணுமே! முன்பெல்லாம் எங்கள் பக்கம் ஒன்றிரண்டுதான் தென்படும், இப்போது விடிந்தால் கூட்டமாக வரப்பில் நிற்கிறது. மனுக் கொடுக்கப் போனால் "தேசியப் பறவைங்க" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். விரட்டினால் நாம் குற்றவாளி, தின்றுவிட்டுப் போனால் அது தேசியம். இந்தத் தடவை விதைக்கு விட்ட ஆறு பழத்துக்கும் பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.