தேதி கேட்டு வந்தவருக்கு என்ன பதில்?

கேள்வி: தை மாதம் என் மகளுக்குத் திருமணம். முகூர்த்தத்தில் மேளம் வேண்டாம், வீணையும் வயலினும் மேடையருகே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். சம்பந்தி வீட்டாருக்கும் சம்மதம். எது பொருத்தமாக இருக்கும்? கெட்டிமேளத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மண்டபத்துக்காரர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு, என் கல்யாணம் உட்பட, வாசித்த நாதஸ்வரக்காரர் தேதி கேட்டு இரண்டு முறை வந்துபோனார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வீணையா வயலினா என்பது அப்புறம். உங்களுக்குத் தாலி ஏறியபோது வாசித்தவர் இரண்டு முறை வீடு தேடி வந்திருக்கிறார். அவருக்கு ஏன் பதில் சொல்லவில்லை?

மார்கழி முழுக்கக் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் முகூர்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேளக்காரர் வீட்டு அடுப்பு அந்த நாட்களை நம்பித்தான் எரிகிறது. உங்கள் வாயிலிருந்து தேதி வராமல் அவர் வேறு வீட்டுக்கு ஒப்புக்கொள்ளவும் முடியாது, வருகிறவர்களை நிறுத்திவைக்கவும் முடியாது. அவரை நம்பியிருக்கும் தவில்காரருக்கும் தாளக்காரருக்கும் அதே கதி. சொல்வதற்குச் சங்கடம் என்பீர்கள். உங்கள் சங்கடத்துக்கு அவர்களா கூலி இழக்க வேண்டும்?

கெட்டிமேளத்தை ஒலிபெருக்கியில் போடுவதாம்! புரோகிதர் கை உயர்ந்ததும் தவில் வேகமெடுக்கும். மாப்பிள்ளை முடிச்சுப் போடத் தடுமாறினால் மேளமும் அதற்கேற்ப நீளும். தும்மலோ அழுகையோ அந்த நொடியில் யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் அத்தனை முழக்கம். எதிரே நடப்பதைப் பார்த்து வாசிக்க ஆள் வேண்டும். வீணைக்கு அந்த முழக்கம் கிடையாது. அது அதன் குறையும் அல்ல.

மகளின் ஆசையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம் சங்கீதத்தில் ஊறியது. ஊஞ்சலில் பெண்கள் லாலி பாடும்போது கூடவே வயலின் வாசிக்கட்டும். குரலோடு இழைந்து போகும். வீணையை மாலை வரவேற்பின் தொடக்கத்தில், எல்லோரும் உட்கார்ந்து கேட்கும்படி அரைமணி நேரம் வையுங்கள். பந்தி இரைச்சலுக்கு நடுவே ஒரு வித்வானை உட்காரவைப்பது அவமரியாதை. ஓமகுண்டத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். வீணையின் மேளக்கட்டு, அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுகளின் வரிசை, மெழுகில் பதித்தது, அனல் பட்டால் இளகிவிடும்.

இன்று மாலையே நீங்களும் உங்கள் கணவரும் அந்த நாதஸ்வரக்காரர் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு முன்பணம் வைத்துத் தேதியைச் சொல்லுங்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். மேளமே வேண்டாம் என்று அவள் பிடிவாதமாக நின்றால், அதை அவளே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்படியானால் அன்றைய சம்பளம் முழுவதையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.