மேலது, மேலது, மேலது

கேள்வி: உ.வே.சா.வின் உரைநடையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அடிக்குறிப்புகளில் பெரும்பகுதி அவர் நூல்களே. ஒவ்வொரு முறையும் ‘உ.வே. சாமிநாதையர்’ என்று எழுதினால் பக்கத்தின் அடியெல்லாம் அவர் பெயர்தான் நிற்கிறது. நெறியாளர், முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று காட்ட ‘மேலது’ போடச் சொல்கிறார். உடன் ஆய்வு செய்யும் தோழியோ அதெல்லாம் பழைய வழக்கம், போடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: நெறியாளரைக் கேளுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் அவர். ஆனால் ‘மேலது’வை இப்போதே போடாதீர்கள். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும் வாரத்தில் போட்டால் போதும்.

காரணம் இருக்கிறது. உங்கள் 14ஆம் குறிப்பு ‘உ.வே. சாமிநாதையர், என் சரித்திரம், ப. 212’ என்று வைத்துக்கொள்வோம். 15 ‘மேலது, ப. 215’. 16 ‘மேலது, ப. 220’. எல்லாம் சரி. இயலைப் படித்த நெறியாளர், “இந்த இடத்தில் வையாபுரிப்பிள்ளை ஒன்று சொல்லியிருப்பாரே, அதையும் சேரம்மா” என்கிறார். நீங்களும் 14க்கும் 15க்கும் நடுவில் ஒரு பத்தியைச் செருகி, அதற்கு ஒரு குறிப்பும் போடுகிறீர்கள். கணினி எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும். ‘மேலது’வை அது தொடாது. விளைவு, உ.வே.சா. எழுதிய இரண்டு பத்திகள் வையாபுரிப்பிள்ளையின் பேரில் ஏறிவிடும். புறத்தேர்வாளர் அந்த நூலை எடுத்து 215ஆம் பக்கத்தைப் புரட்டுவார், நீங்கள் சொன்னது அங்கே இருக்காது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி எதிலிருந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை. நான் திருத்திக் கொடுக்கிற ஆய்வேடுகளில் மேற்கோள் பிழைகளில் பாதி இந்த வகைதான்.

இன்னொரு பள்ளம்: ஒரே குறிப்பில் இரண்டு நூல்களைச் சொல்லிவிட்டு அடுத்ததில் ‘மேலது’ என்றால், இரண்டில் எது? அந்த இடத்தில் ‘மேலது’ வரவே கூடாது.

தோழி சொல்வதிலும் நியாயம் உண்டு. ‘மேலது’வின் மூலமான இலத்தீன் ‘இபிட்.’டை, மேற்கோள் முறைக்குப் பலரும் பின்பற்றும் அமெரிக்க நூலான சிகாகோ நடைக் கையேடே 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து ஊக்குவிப்பதில்லை. ஆசிரியர் பெயரையும் நூல் பெயரையும் சுருக்கி எழுதச் சொல்கிறது. ‘முற்குறிப்பிட்ட நூல்’ என்று நம் ஆட்கள் போடுகிறார்களே, அது ‘மேலது’வைவிட மோசம். ‘மேலது’ என்றால் ஒரு வரி மேலே பார்த்தால் போதும். இதற்கு வாசகர் நாற்பது குறிப்பு பின்னால் போகவேண்டும், போனாலும் அந்த ஆசிரியரின் இரண்டு நூல்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? இயலில் முதல் முறை வரும்போது முழு விவரம். அடுத்து வருவதெல்லாம் சுருக்கம்: ‘உ.வே.சா., என் சரித்திரம், ப. 215’. அவ்வளவுதான். அடுத்த இயலில் மறுபடி ஒரு முறை முழு விவரம் கொடுங்கள். தேர்வாளர்கள் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பார்கள் என்று நம்பவேண்டாம்.

ஆசிரியர் பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்குங்கள், நூல் பெயரைச் சுருக்கும்போது கவனம். உங்கள் ஆசிரியர் ஒன்றுக்கு இரண்டு சரித்திரம் எழுதியவர். ஒன்று தன்னுடையது, 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலானது. மற்றது தம் ஆசான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு, 1933இலும் 1934இலும் இரண்டு பாகமாக வெளிவந்தது. ‘உ.வே.சா., சரித்திரம், ப. 90’ என்று எழுதினீர்களானால் யாருடைய சரித்திரம்? முதலாவதை ‘என் சரித்திரம்’ என்றே விடுங்கள், அதில் சுருக்க ஒன்றுமில்லை. மற்றதை ‘பிள்ளையவர்கள் சரித்திரம்’ ஆக்கி, பாக எண்ணையும் ஒவ்வொரு முறையும் சேருங்கள்.

உண்மையில் உங்களைப் போல ஒரே ஆசிரியரை ஆய்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி, ஆய்வேட்டின் முன்பக்கத்தில் இருக்கும் ‘சுருக்கக் குறியீட்டு விளக்கம்’. அதில் எ.ச., பி.ச. என்று அறிவித்துவிட்டால், பிறகு கட்டுரை வரியிலேயே அடைப்புக்குள் ‘எ.ச., ப. 215’ என்று போட்டு நகரலாம். பெயர் திரும்பத் திரும்ப வருகிற பிரச்சினையே இல்லை. அடிக்குறிப்பு மற்றவர்களுக்கு மிஞ்சும். நெறியாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

அவர் பதிப்பித்த நூல்களுக்கு வேறு கணக்கு. புறநானூற்றுப் பாட்டை மேற்கோள் காட்டும்போது ‘புறம். 192’ போதும், ஒவ்வொரு முறையும் பதிப்பாசிரியர் பெயர் வேண்டாம். எந்தப் பதிப்பு என்று முதலில் ஒரு தடவை சொன்னால் சரி. 1894 பதிப்பின் முகவுரையை எடுத்தாளும்போது மட்டும் அவர் பெயர் வரவேண்டும். அங்கே பேசுகிறவர் அவர்.

கேள்வி: துணைநூற்பட்டியலில் ஒரே ஆசிரியரின் நூல்கள் வரும்போது, இரண்டாவதிலிருந்து பெயருக்குப் பதில் நீளக் கோடு போடுவது சரியா?
— கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அச்சில் அழகுதான். ஆனால் 2024இல் வந்த சிகாகோ 18ஆம் பதிப்பு அதையும் கைவிட்டுவிட்டது. மற்ற மேற்கோள் முறைகளில், எம்.எல்.ஏ.வில் (MLA) இன்னும் மூன்று சிறு கோடு உண்டு, ஏ.பி.ஏ.வில் (APA) எப்போதும் பெயர்தான். நான் பெயரையே எழுதச் சொல்வேன். பட்டியலைக் கணினியில் ஒருமுறை அகரவரிசைப்படுத்திப் பாருங்கள். கோடுகளெல்லாம் ஆசிரியரை விட்டுக் கழன்று ஓரிடத்தில் போய்க் குவிந்துகொள்ளும். எந்தக் கோடு யாருடையது என்று பிறகு அலமாரியைத் திறந்துதான் கண்டுபிடிக்கவேண்டும். கோடுதான் போடுவேன் என்றால், கூட்டாசிரியர் நூலில் போடாதீர்கள். அச்சு அசலாக அதே ஆசிரியர் அல்லது அதே குழு என்றால்தான் கோடு.

கேள்வி: மேற்கோள்களைத் தொகுக்கும் ஸோட்டெரோ (Zotero) மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் குழம்புகின்றன. இரண்டாவது குறிப்பிலிருந்து ‘உ. வே.’ என்று முன்னெழுத்து மட்டும் வருகிறது!
— நூலகர், கோயம்புத்தூர்

பதில்: முன்னெழுத்தைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டிருப்பீர்கள். சுருக்கக் குறிப்பில் அந்தக் கட்டம்தான் வரும். ‘சாமிநாதையர்’ அங்கே போகட்டும், ‘உ. வே.’ முதல் பெயரில். அல்லது பெயருக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கி, முழுப் பெயரை அதில் எழுதுங்கள். முன்னெழுத்து நமக்கு ஒட்டுவால் அல்ல. தெ.பொ. மீனாட்சிசுந்தரத்தையும் உ.வே.சா.வின் ஆசானையும் ஒரே ஆய்வேட்டில் எடுத்தாள்கிறவர், ‘மீனாட்சிசுந்தரம், ப. 40’ என்று எழுதினால் எந்த நூற்றாண்டுக்காரர் என்றே தெரியாது.

அப்புறம் ஒன்று. ‘உ.வே.’ என்று ஒட்டி ஒரு பதிவு, ‘உ. வே.’ என்று இடம்விட்டு ஒரு பதிவு இருந்தால் மென்பொருள் இருவர் என்றே எடுத்துக்கொள்ளும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர் என்று மூன்று விதமாக அட்டைகளில் இருக்கலாம். உங்கள் பட்டியலில் ஒன்றைப் பிடித்து அதையே எல்லாப் பதிவுக்கும் வையுங்கள். நூல் பெயரை மட்டும் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே விடுங்கள்.