பாகல் பிஞ்சு வளைந்து அழுகி விழுகிறதா? வேப்பெண்ணெய் போதாது

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டி வைத்து பாகல், புடல், பீர்க்கு மூன்றையும் பந்தலில் ஏற்றியிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்து பூக்கிறது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் ஒரு பக்கமாக வளைந்து, மஞ்சளாகி, அழுகி விழுந்துவிடுகிறது. வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. வாரம் இரண்டு முறை வேப்பெண்ணெய் தெளித்தும் பலன் இல்லை. கீழே நிற்கும் கொய்யா மரத்திலும் இதே கதைதான். பிள்ளைகள் சாப்பிடும் காய் என்பதால் விஷ மருந்து அடிக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. மஞ்சளாகத் தொடங்கும் பிஞ்சு ஒன்றை அது விழும் முன்பே பறித்துப் பாருங்கள். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும், அதன் மேல் பிசின் மாதிரி ஒரு சொட்டும் காய்ந்து நிற்கும். காய் வளைவது அந்த இடத்தில்தான். அப்புறம் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். உள்ளே கால் இல்லாத, அரிசியை விட மெலிந்த வெள்ளைப் புழுக்கள் நெளியும். அதில் முற்றிய புழு ஒன்றைச் சற்று நேரம் கவனித்தால், உடம்பை வளையமாகச் சுருட்டி, டக்கென்று தெறித்துக் குதிக்கும். குதித்தால் சந்தேகமே வேண்டாம், அது பழ ஈயின் புழு.

புழுவும் இல்லை, குத்திய தடமும் இல்லை, பிஞ்சு வெறுமனே மஞ்சளாகிச் சுருங்குகிறது என்றால் அது வேறு விஷயம். பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடந்திருக்காது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். நேரம் முக்கியம்: பாகல் விடியற்காலையில் பூக்கும், பீர்க்கு மாலையில் பூக்கும், புடல் இருட்டும் நேரத்தில் விரியும். மூன்றையும் காலையில் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் பாகல் மட்டும்தான் காய்க்கும்.

உங்களுக்கு வந்திருப்பது பழ ஈ என்றே வைத்துக்கொள்கிறேன். வேப்பெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை? அசுவினி, மாவுப்பூச்சி போல வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகள் மீது அது படும், பலன் தரும். பழ ஈ முட்டையிடுவதோ தோலுக்குள்ளே. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்றபடி ஒரு வாரம் போல உள்ளேயே இருக்கும். காயின் மேல் எதைத் தெளித்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ கொஞ்சம் ஒதுங்கலாம், அவ்வளவுதான்.

காய் விழுந்த பிறகுதான் கதையின் முக்கியமான பகுதி. முற்றிய புழு காயை விட்டு வெளியேறி, மண்ணில் சில அங்குல ஆழத்துக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகிறது. பழுப்பு நிறத்தில், சின்னக் கோதுமை மணி போல இருக்கும். பத்து நாள் வாக்கில் அதிலிருந்து புது ஈ வெளியே வரும். ஆக, உங்கள் தொட்டியில் விழுந்து கிடக்கும் ஒவ்வொரு அழுகிய பிஞ்சும் அடுத்த மாதத்துக்கான ஈப் பண்ணை. நானும் முதல் வருடம் அழுகிய பிஞ்சுகளைப் பொறுக்கி நேராக உரத்தொட்டியில் போட்டேன். அடுத்த மாதம் முன்பைவிட அதிகக் காய் போனது. அதற்குப் பிறகுதான் புரிந்தது, ஈயை வளர்த்தது நான்தான் என்று.

அதனால் தினமும் காலையில் பந்தலைச் சுற்றி வாருங்கள். விழுந்ததை மட்டுமல்ல, கொடியிலேயே வளைந்து நிற்பதையும் பறித்துவிடுங்கள், அது தேறாது. எல்லாவற்றையும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே வெந்துபோகும். வாரம் ஒருமுறை தொட்டியின் மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் கிளறிவிட்டால், மேலே வரும் கூட்டுப்புழுக்களை வெயிலும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். மாடியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: சிமென்ட் தரையில் விழும் புழு புகுந்துகொள்ள மண் இல்லை. தொட்டி மண்ணை மட்டும் கவனித்தால் போதும்.

ஆனால் பக்கத்து வீட்டிலிருந்தும் காலி மனையிலிருந்தும் ஈ வந்துகொண்டேதான் இருக்கும். ஜப்பானின் ஒக்கினாவா தீவுகளில் இதே பாகல் ஈயை ஒழிக்க, மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 1970களில் தொடங்கிய வேலை 1993இல்தான் முடிந்தது. ஒரு வீட்டு மாடியில் நம்மால் ஈயை ஒழிக்க முடியாது. காயை மறைக்க முடியும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடக் கை கொடுப்பது உறைதான். பூ வாடி, பிஞ்சு மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் போட்டால், முட்டையையும் சேர்த்து உள்ளே வைத்துக் கட்டிய மாதிரி ஆகிவிடும். பாகலுக்குச் செய்தித்தாள் உறை போதும், மழை பெய்தால் மாற்ற வேண்டியிருக்கும். புடலுக்குப் பழைய வேட்டியில் நீளமான குழாய் போலத் தைத்து, மேலே காம்போடும் கீழே நுனியிலும் கட்டுங்கள். எதுவானாலும் காயோடு ஒட்டாமல் தளர்வாக இருக்க வேண்டும். கொசுவலைத் துணியில் பலர் தவறுவது இங்கேதான். வலை காயின் மேல் படிந்திருந்தால், ஈ வெளியே உட்கார்ந்தபடியே கண்ணி வழியாக முட்டையிட்டுவிடும். பந்தல் முழுவதையும் வலையால் மூடவும் வேண்டாம், தேனீ வர முடியாது.

உறைக்குத் துணையாகப் பொறி வைக்கலாம். கடையில் வாங்கும்போது எந்தப் பயிருக்கு என்று சொல்லிக் கேளுங்கள். பொறிக்குள் வைக்கும், வாடையால் ஈயை இழுக்கும் பொருள் பயிருக்குப் பயிர் மாறும். பாகல், புடல், பீர்க்குக்கு க்யூ லூர். கொய்யா, மாமரத்துக்கு மீத்தைல் யூஜினால். மாற்றி வைத்தால் பொறி காலியாகவே தொங்கும். இரண்டுமே ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், முட்டையிடும் பெண் ஈ வராது. பெண் ஈக்கு முட்டை வைக்கப் புரதம் தேவை. அதனால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பாதியில் ஈ நுழையும் அளவுக்கு நாலைந்து துளை போட்டு, உள்ளே தண்ணீரில் ஊறிய கருவாட்டுத் தூளும் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் விட்டுக் கட்டுங்கள். வாடை பிடிக்காதவர்கள் கனிந்த வாழைப்பழம், வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கலந்து வைக்கலாம். பழைய குறிப்புகளில் கருவாட்டுப் பொறியில் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லியைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். தயவுசெய்து வேண்டாம். 2020 இறுதியோடு இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து அது.

கொய்யாவுக்கும் இதே முறைதான். எலுமிச்சை அளவில் உறை போடுங்கள், மரத்திலேயே பழுக்க விடாமல் செங்காயாகப் பறியுங்கள், அடியில் விழுந்ததைக் கிடக்க விடாதீர்கள். அணில் தொல்லையும் இருந்தால் துணி உறை தாங்காது, மெல்லிய கம்பி வலையில் கூடு செய்து மாட்ட வேண்டும்.

அடுத்த விதைப்பைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட வெயிலில் இந்த ஈ குறைவு, மழைக்காலத்தில்தான் பெருகும். இப்போதைக்கு, நாளை காலையே குத்துப்பட்ட காய் அத்தனையையும் பறித்துவிட்டு, புதுப் பிஞ்சுகளுக்கு உறை போடத் தொடங்குங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து தீர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பாட்டிலில் ஈ விழுந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.