‘குணசாலியான ஸ்திரீ’: எபிரெயத்தில் என்ன சொல் இருக்கிறது?

கேள்வி: சபையில் பெண்கள் ஐக்கியச் சங்க ஆராதனைக்கு நீதிமொழிகள் 31:10-ஐ வைத்துச் செய்தி கொடுக்கப்போகிறேன். ‘குணசாலி’ என்ற இடத்தில் எபிரெயத்தில் ‘பலம்’, ‘சேனை’ என்று பொருள்படும் சொல் இருக்கிறதாமே? நம் மொழிபெயர்ப்பு தவறா? அந்த எபிரெயச் சொல்லை பேனரில் போடலாமா?

பதில்: அந்தச் சொல் ‘ஹாயில்’. வெறும் உடல் தெம்பை அது குறிப்பதில்லை. எடுத்த காரியத்தை முடிக்க ஒருவருக்குக் கைவசம் இருக்கும் ஆற்றல் எல்லாமே ஹாயில்தான்: ஆள்பலம், பணபலம், திறமை. உபாகமம் 8:18-ல் ‘ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிறதற்கான பெலன்’ என்று வாசிக்கிறோமே, அங்கே பெலனுக்குக் ‘கோவாஹ்’ என்ற வேறு சொல், ஐசுவரியம்தான் ஹாயில். செங்கடலில் மூழ்கிய பார்வோனின் இராணுவமும் ஹாயில். மோசே தெரிந்துகொள்ள வேண்டிய ‘திறமையுள்ள மனிதர்’ (யாத்திராகமம் 18:21) ஹாயில் உள்ள மனிதர்.

ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 2:1-ல் போவாஸ் ‘கிப்போர் ஹாயில்’ (ஹாயில் உள்ள வல்லவன்). தமிழில் ‘மிகுந்த ஆஸ்திக்காரன்’. 3:11-ல் ரூத் ‘ஏஷெத் ஹாயில்’ (ஹாயில் உள்ள பெண்), தமிழில் ‘குணசாலி’. கிதியோனைத் தூதன் ‘பராக்கிரமசாலியே’ என்று அழைப்பதிலும் இதே ஹாயில் இருக்கிறது. ஆணுக்கு ஆஸ்தியும் பராக்கிரமமும், பெண்ணுக்குக் குணம்! ‘குணசாலி’ தவறு என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள்; ஊரார் அறிந்த ரூத்தின் நன்மதிப்பு அதில் நிற்கிறது. ஆனால் இன்று குணம் என்றால் அடக்கமும் பொறுமையும்தான் நம் காதில் விழுகிறது. மூலச்சொல்லின் வேகம் அதில் குறைந்துபோகிறது என்பதே என் கருத்து. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் நீதிமொழிகள் 31:10-ல் வீரத்தைக் குறிக்கும் சொல்லையே போட்டார்கள்.

வேகம் எங்கே தெரிகிறது? நீதிமொழிகள் 31-லேயே பாருங்கள். 11-ஆம் வசனத்தில் ‘சம்பத்து’ என்பதற்கு மூலத்தில் ‘ஷாலால்’, போர்க்கொள்ளை. 15-ல் அவள் இருட்டோடே எழுந்து கொடுக்கும் ‘ஆகாரம்’, ‘தெரெஃப்’. சங்கீதம் 104:21-ல் சிங்கங்கள் கெர்ச்சித்துத் தேடும் அதே இரை. 17-ல் பெலத்தால் இடைக்கட்டிக்கொள்கிறாள். வயலை விசாரித்து வாங்குகிறாள். இவற்றை நிதானமாக வாசித்துக் காட்டினாலே போதும், கேட்கிற பெண்களுக்குப் புரியும். ‘திறமையும் திடமும் உள்ள பெண்’ என்று நீங்கள் விளக்கிச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் தவிருங்கள். ஹாயிலுக்குச் சேனை, செல்வம், வீரம் என்று பல பொருள் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் ஏற்றி, ‘அவள் ஒரு சேனை’ என்று சொல்லக்கூடாது. எந்தப் பொருள் என்பதை இடம்தான் தீர்மானிக்கும்.

பேனரில் தாராளமாகப் போடலாம். ஹேத், யோத், லாமேத் என மூன்றே எழுத்து. வலமிருந்து இடமாக வரவேண்டும். சில கணினிகளில் எழுத்துகளின் வரிசை இடவலம் மாறிவிடும். அச்சுக்குப் போகுமுன் வலது ஓரத்து எழுத்தைப் பாருங்கள்: இடதுகால் மேல்கோட்டைத் தொட்டு நின்றால் ஹேத், இடைவெளி விட்டிருந்தால் அது ‘ஹே’ என்ற வேறு எழுத்து.