கடைசி பஸ்ஸில் விழுந்த கோல்

பட்டுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் 58 வயது கால்பந்து ரசிகர், இந்த வாரம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தஞ்சாவூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு சென்னை அணிக்குக் கை தட்டுகிறீர்களே, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

ஒரு சம்பந்தமும் இல்லை, சார். 2014-ல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் ஆரம்பித்தபோது மொத்தம் எட்டு அணிகள். அதில் தமிழ்நாட்டுப் பெயரோடு வந்தது ‘சென்னையின் எஃப்சி’ ஒன்றுதான். பெண் பார்க்கிற மாதிரி நாலு இடம் விசாரித்து எடுத்த முடிவு இல்லை. வாசலில் வந்து நின்ற நாய்க்குட்டிக்குச் சோறு வைத்தேன், அது இங்கேயே தங்கிவிட்டது. அவ்வளவுதான்.

பெயரை வைத்து என்னை ஒருவர் படுத்தியது உண்டு. என் கடைக்குக் காற்றடிக்க வரும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். “சென்னையின்... அப்புறம்? சென்னையின் எது? பாதியிலே நிக்குதே” என்பார். ஒருநாள் அவரே தீர்ப்பும் சொன்னார். “இன் ஐந்தாம் வேற்றுமை உருபு. நீங்கல் பொருள். சென்னையை விட்டு நீங்கினதுன்னு அர்த்தம்.” கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த வருஷமே, 2015 டிசம்பரில், சென்னையில் வெள்ளம் வந்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 12-ம் தேதி அங்கே கொல்கத்தாவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தது நம் அணி. மறுநாள் வாத்தியார் சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை. ஒரு காலை ஊன்றியபடி, “இலக்கணம் பொய் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் அணியை ஆதரித்ததில் மறக்கவே முடியாத நிமிஷம் எது, அண்ணே? (வாசகர், மன்னார்குடி)

அதே 2015-ன் இறுதிப் போட்டி. டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. கோவாவில் ஃபதோர்டா மைதானம். எதிரணி எஃப்சி கோவா, அவர்கள் ஊரிலேயே.

அந்த சீசனில் ஒரு கட்டத்தில் நம் ஆட்கள் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். மத்தராஸி பயிற்சியாளர். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அந்த இத்தாலிக்காரர்தான். மெண்டோசா என்று ஒரு கொலம்பியா பையன், அந்த சீசனில் அதிக கோல் அடித்தவன், 13. இவர்களை நம்பி நான் கடைத்தெரு டீக்கடையில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பட்டுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் உள்ளே. ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் கடையிலேயே படுக்க வேண்டியதுதான். சைக்கிள் கடைக்காரனுக்குப் பஸ் எதற்கு என்று கேட்காதீர்கள், என் முழங்காலைக் கேளுங்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே இருந்த ஆட்டத்தில், 87-வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீகிக்கில் கோவாவுக்கு இரண்டாவது கோலைப் போட்டார். எழுந்துவிட்டேன். டீக்குக் காசு வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செத்த வீட்டிலிருந்து கிளம்புகிறவன் மாதிரி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியை ஒட்டிய சீட். காலடியில் யாரோ வைத்த வாழைத்தார்.

பஸ் நகர்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, போன் அடித்தது. டீக்கடையில் விட்டுவந்த என் அக்கா மகன்.

“மாமா! கோல்!”

“யாருக்குடா?”

பின்னால் ஒரே கூச்சல். “கோலி மாமா... கோலி!” என்கிறான். கோலி என்றால் கோல்கீப்பர். கோலியைக் கீழே தள்ளிவிட்டார்களா, கோலிக்கு அடியா, ஒன்றும் புரியவில்லை. அதற்குள் கட் ஆகிவிட்டது. அவன் சொல்ல வந்தது, கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போன கதை. 90-வது நிமிஷம்.

வாய்க்கால் பாலம் வந்தால் டவர் போய்விடும், எனக்குத் தெரியும். படிக்கட்டுக்கு ஓடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை வெளியே நீட்டினேன். கண்டக்டர் கத்துகிறார். ஒரு கோடு வருகிறது, போகிறது. பாலத்துக்குச் சரியாகப் பத்தடி முன்னால் மறுபடி மணி அடித்தது.

“மாமா, மெண்டோசா! மூணு ரெண்டு! நாமதான் மாமா!”

பாலம். டவர் போயிற்று. இருட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மார்கழி மாதம், வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து, “என்னங்க, வீட்ல ஏதும் விசேஷமா?” என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றிருக்கும் போல. “கப்பு வாங்கிட்டோம்” என்றேன். “சந்தோஷம். டிக்கெட் எடுத்தீங்களா?” என்றார். எடுக்கவில்லை.

2018-ல் பெங்களூரில் பெங்களூரு அணியையே அதே மூன்றுக்கு இரண்டு கணக்கில் அடித்து இரண்டாவது கப்பும் வந்தது. மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு கோல். முதல் நிமிஷத்திலிருந்து கடைசி வரை வீட்டு டிவியில் வசதியாகப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இந்த மூன்று வரிக்கு மேல் எனக்கு வராது.

எனக்கு ஃபுட்பால் பிடிக்கும். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பந்து?” என்கிறார் அப்பா. என்ன சொல்வது? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

ஒன்றும் சொல்ல வேண்டாம் கண்ணு. 2019-ல் மதுரையின் சேது எஃப்சி, இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. அந்த இறுதிப் போட்டியின் வீடியோவைப் போட்டுவிட்டு அப்பாவுக்கு ஒரு டீயும் கொடு. நம் பெண்கள் மணிப்பூர் போலீஸை மூன்றுக்கு ஒன்று என்று அடிப்பதை டீ ஆறுவதற்குள் அவரே வாய் பிளந்து பார்ப்பார்.

கஜா புயல் வருஷம் எனக்கு 40 மரம் போச்சு. அந்த நேரத்தில் நீங்கள் கோயம்புத்தூருக்கு மேட்ச் பார்க்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். மனசு வந்ததா? (தென்னை விவசாயி, பேராவூரணி)

கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு 74-ல் 11 நின்றது. 2018 நவம்பர் 16, விடிந்து கதவைத் திறந்தால், பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் எங்கள் திண்ணையிலிருந்து தெரிந்தது. அதுவரை ஒருநாளும் தெரிந்ததில்லை. நடுவில் இருந்த தோப்பெல்லாம் படுத்துவிட்டது.

மார்ச்சில் என் சித்தப்பா மகன் போன் செய்தான். கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறையில் வேலை. அந்த வருஷம் சென்னை சிட்டி என்ற வேறொரு அணி அங்கே நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் என்ற இன்னொரு தேசியத் தொடரில் ஆடியது. கடைசி ஆட்டம் ஜெயித்தால் சாம்பியன். நான் தயங்கினேன். வீட்டில்தான், “நட்ட கன்னு நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தா சீக்கிரம் காய்ச்சிடுமா? போயிட்டு வாங்க” என்றாள்.

மார்ச் 9. மூன்றாவது நிமிஷமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். “நீ வந்த நேரம்ணே.” முன் வரிசையில் ஒருவர் போனில் கோழிக்கோட்டு ஆட்டத்தை வைத்திருந்தார். அங்கே, கப்புக்கு நம்மோடு போட்டியில் இருந்த கொல்கத்தா அணி ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே நாம் நழுவவிட்டால் கப் அவர்களுக்கு. பாதிப் பேர் மைதானத்தைப் பார்க்கிறோம், பாதிப் பேர் அவர் போனை. இரண்டாம் பாதியில் பெனால்டி, மான்சி போட்டார். அந்த சீசனில் மட்டும் அவர் 21 கோல். அப்புறம் கௌரவ் போரா இரண்டு. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42.

எல்லாரும் கை தட்டுகிறார்கள், என்னால் முடியவில்லை. நாலு மாதமாக வேர்க்கட்டை வெட்டிக் கை முழுக்கக் கொப்புளம், தட்டினால் எரிகிறது. தொடையில் தட்டிக்கொண்டேன். இப்போது அந்த அணியும் ஐ-லீக்கில் இல்லை. கன்றுகள் பரவாயில்லை, பாளை விட்டிருக்கின்றன.

டிவியில் வந்தால்தான் கிளப்பா? நம்ம பக்கத்து ஆட்டமெல்லாம் கணக்கில்லையா? (துபாயிலிருந்து அதிராம்பட்டினம் வாசகர்)

யார் சொன்னது தம்பி? உங்கள் ஊர்த் தொடர் போட்டிக்குச் சைக்கிள் மிதித்து வந்தவன் நான். கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று, “காக்கா, அடிங்க காக்கா!” என்று உங்கள் பையன்கள் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் பக்கம் அண்ணனுக்குப் பெயர் காக்கா ஆயிற்றே.

எங்கள் ஊரிலும் ஓர் அணி இருந்தது. பதினொரு பேர், ஒரே பந்து, சவுக்குக் கழியில் கோல் போஸ்ட். சம்பா அறுத்த வயலில் ஆட முடியாது. தாள் காலைக் குத்தும் என்பதுகூட இல்லை, அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்திருப்பார்கள், அது முளைத்து நிற்கும். அதனால் களத்து மேட்டில்தான் ஆட்டம். சுற்றிலும் உளுந்து.

எனக்குப் பதினாறு வயது இருக்கும். மாசி மாதம் பக்கத்து ஊர்க்காரர்களோடு பந்தயம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பந்து பெரியப்பாவின் உளுந்துக்குள் போய்விட்டது. எடுக்க ஏழு பேர் இறங்கினோம். பெரியப்பா வந்தார். மிதிபட்ட செடியை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பரணில் போட்டுவிட்டார். “உளுந்து எடுத்தப்புறம் வாங்க.”

பங்குனி கடைசியில் உளுந்து பிடுங்கினார்கள். பந்து கீழே வந்தபோது வாரை எலி தின்றிருந்தது, உள்ளே பிளாடர் ஓட்டை. அதற்கு ஒட்டுப் போட்டதுதான் நான் வாழ்க்கையில் ஒட்டிய முதல் பஞ்சர். முதல் பாதி மாசியில், இரண்டாம் பாதி சித்திரையில். எதிர் ஊர்க்காரர்களும் ஒழுங்காக அதே பதினொரு பேரோடு வந்தார்கள். பெரியப்பாவே நடுவராக நிற்கிறேன் என்றார். எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார்.